வாக்கியத்தில் அமைத்து எழுதுக

1

போன வாரம் தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போட்டிருந்தாள். "அக்கா, ஒங்க வீட்டுல இப்ப எல்லாரும் இங்கிலீஷ்தானே. எம் மகன் அடுத்த வருஷம் ஓ.எல். எழுதப்போறான். தெனமும் நாலு வார்த்த போன்ல சொல்லிக் குடுங்களேன், புண்ணியமாப் போகும்."

அவள் இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, நாங்கள் பிறந்த தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறாள். நாங்கள் இங்கிலாந்தில் காலைக் கஞ்சியைக்கூட இங்கிலீஷில் குடிக்கிறோம் என்று அங்கே ஒரு நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் அந்த மொழி பட்ட பாட்டை ஒரு குரல் செய்தியில் அடக்க முடியாது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். தங்கச்சி, இதை உன் மகனுக்கு வாசித்துக் காட்டாதே. அவன் பரீட்சை எழுதட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் செல்வராஜ், முதலில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். பிறகு கித்துல்கலவில் படகோட்ட வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் சமையல். அந்தக் கைப்பழக்கம்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. நான் ஒரு சலவைக் கம்பெனியில் மற்றவர்கள் படுத்த விரிப்புகளை மடிக்கிறேன். மகள் ஷாலினிக்கு வரும்போது நாலு வயது, இப்போது பதினைந்து. இங்கிலாந்தின் வடக்கே, சூரியன் கணக்குப் பார்த்துத் தலைகாட்டும் ஒரு சின்ன நகரத்தில், கடைக்கு மேலே ஒரு மாடி வீடு.

2

இங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால் அவர்கள் மொழியைப் பேசிக் காட்ட வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பி எங்கள் பாட்டனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனபோது இங்கிலீஷ் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். நூல்நிலையத்தின் பின்னறையில் மாலை வகுப்பு நடந்தது. ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், ஒல்லியான அம்மா, சின்னச் சின்னச் சொற்களாகப் பலகையில் எழுதுவார். ஒவ்வொருவரும் ஒரு சொல்லை எடுத்து வாக்கியத்தில் அமைத்துச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்குச் செய்த அதே வேலை.

என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துப் போனது. "நீட்ட நீட்டமா இருக்கதெல்லாம் நமக்கு வேணாம் புள்ள. சின்னதா இருந்தாத்தான் தொண்டையில சிக்காது" என்பார். ஆனால் என்ன சொல் கொடுத்தாலும் வாக்கியம் தோட்டத்துக்குப் போய்விடும். 'வெட்' என்று டீச்சர் எழுதினால், இவர் எழுந்து நின்று, "ட்ரீ வெட், நோ வொர்க்" என்பார். மழையில் பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்குப் பால் வெட்ட முடியாது, சம்பளமும் இல்லை என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? 'லெக்' என்றால், "லீச் லவ் மை லெக்" என்பார், அட்டைப்பூச்சிக்கு இவர் கால் மேல் காதலாம். வகுப்பே சிரிக்கும். 'ஹில்' என்று ஒருநாள் கொடுத்தார். "மை மதர் பிஹைண்ட் ஹில்" என்றார். அங்கே என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டார். புதைத்திருக்கிறோம் என்பதற்கு இவரிடம் சொல் இல்லை, அதனால் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஊரைப் பற்றி ஒன்றாவது சொல்லுங்களேன்" என்று டீச்சர் ஒருநாள் கேட்டேவிட்டார். பலகையில் 'கோல்ட்' என்று, குளிருக்கான சொல் இருந்தது. இவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஐ ஆம் கோல்ட். மை டாட்டர் இஸ் நாட்" என்றார். டீச்சர் கைதட்டினார். ஒரு பிழையும் இல்லையாம்.

பரீட்சையில் இருவரும் தேறினோம். அந்த இங்கிலீஷை இவர் பேசியது பெரும்பாலும் மகளோடுதான். ஷாலினி சின்ன வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தபோது, வீட்டிலும் இங்கிலீஷ் பேசுங்கள் என்று பள்ளிக்கூட மிஸ் சொல்லியிருந்தார். தோட்டத்துத் துரை சொன்னாலே ஏன் எதற்கு என்று கேட்கிற மனிதர், அந்த மிஸ் சொன்னதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். என்னோடு தமிழ், மகளோடு இங்கிலீஷ். அவள் திருத்துவாள், இவர் வேண்டுமென்றே இன்னும் பிழையாகச் சொல்வார், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சோற்றைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமையாகத்தான் இருந்தது. என்னிடம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் போகிற போக்கில்.

3

தை மாதத்தில் ஒரு நாள், இவர் இங்கே வேலை செய்த ஹோட்டல் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து கத்தி நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பாரிசவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

முதல் நாட்களில் பேச்சே இல்லை. பிறகு என்னிடம் ஒவ்வொரு சொல்லாக வந்தது. தண்ணி. காலு. போதும். ஷாலினியிடம் அதுவும் இல்லை. அவள் வந்தால் முகம் மலரும், கையைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சில படங்களைத் தந்திருந்தார். ஷாலினி அவற்றைப் பார்த்துத் தானே அட்டைகள் செய்தாள். கப், பெட், கீ, டோர். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாக்கியம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்துகொள்வாள்.

"கப், டாட். ஐ ட்ரிங்க் டீ ஃப்ரம் எ கப். சே இட். கப்."

இவர் அவள் வாயையே பார்ப்பார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "என்ன... சொல்றா?" என்பார்.

நான் தமிழில் சொல்வேன். ஓ என்று தலையசைப்பார். அடுத்த அட்டைக்கும் அதே பார்வை, அதே கேள்வி. ஒரு நாள் அவள் அட்டைகளைக் கட்டில் மேலேயே போட்டுவிட்டு வெளியே போனாள். வராந்தாவில் சுவரோடு முகத்தை வைத்து நின்றாள். தொட்டால் உதறினாள்.

அந்த வாரம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அவரது சொந்த மொழியிலேயே ஆள் வைத்து இரண்டு தடவை சோதித்துவிட்டோம், சொல்வதை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றார். மறுபடி நடக்கப் பழக்கும் இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் சொன்னதைக் கேட்டுச் செய்யக்கூடியவர்களைத்தான் அங்கே எடுப்பார்களாம். இவருக்கு நர்சிங் ஹோம்தான். அங்கே குளிப்பாட்டுவார்கள், ஊட்டுவார்கள், பழக்க மாட்டார்கள். நாற்பத்தெட்டு வயது மனிதர்.

"ஹி அண்டர்ஸ்டாண்ட். மீ, ஹி அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். குடும்பத்தார் அப்படித்தான் உணர்வார்கள் என்று டாக்டர் இதமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இந்த ஊரில் எல்லாக் கவுண்டரிலும் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

மூன்றாவது தடவையும் சோதித்துத்தான் ஆக வேண்டும், நானும் பக்கத்தில் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முந்தின இரண்டு தடவையும் நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள்.

பயிற்சிப் பெண் மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல், மரியாதையான குரல், "மஹத்தயா, எஸ் தெக வஹன்ன" என்றது.

ஐயா, கண்ணை மூடுங்கள். சிங்களத்தில்.

இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை. பயிற்சிப் பெண் தாளில் ஏதோ கோடு போட்டார். கித்துல்கலவில் படகுக்காரப் பையன்களோடு சிங்களத்தில் வாய்க்கு வாய் கிண்டலடித்த மனிதர் இவர். அந்தச் சிங்களம் இப்போது இவர் தலையில் இல்லை. இங்கிலீஷ் போன வழியிலேயே அதுவும் போயிருந்தது.

"நோ. நோ சிங்களா. டமில்" என்றேன்.

பயிற்சிப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மொழி சிங்களம் என்றுதான் இருக்கிறது, நோயாளி தானே சொன்னது என்றார்.

சொன்னதுதான். இந்த ஊருக்கு வந்த புதிதில், கிளினிக்கில் பெயர் பதியப் போனபோது, என்ன பாஷை என்று கவுண்டரில் கேட்டார்கள். இவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் சிங்களா என்றார். பக்கத்தில் நின்ற எனக்கும் அதில் ஒரு வித்தியாசமும் படவில்லை. எங்கள் கேகாலைப் பக்கம் வளர்ந்த யாரைக் கேட்டாலும் தெரியும். கவுண்டர் என்றால் சிங்களம். தபால் கந்தோர், பொலிஸ், அரசாங்க வேலைக்குப் போகும் கச்சேரி, ஆஸ்பத்திரி, எல்லாம். பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசினால் அப்பா தொடையில் கிள்ளுவார். அது ஒன்றும் பகையான மொழி இல்லை. அதில் விளையாடியிருக்கிறேன், சண்டை பிடித்திருக்கிறேன், அந்தச் சனத்தின் வீட்டில் கிரிபத் என்கிற பாற்சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அது வெளி உடுப்பு. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவோம்.

என் அம்மா பித்தப்பைக் கல்லோடு கேகாலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கூட இருந்தேன். நர்ஸ் வந்ததும் எங்கே, எப்போதிருந்து, எவ்வளவு என்று அழகான சிங்களத்தில் நிதானமாகச் சொல்வாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பி, "ஐயோ தாயே, உசுரு போகுதே" என்பாள்.

அவருக்குச் சிங்களம் தெரியாதா என்று பயிற்சிப் பெண் கேட்டார். நன்றாகத் தெரியும் என்றேன். அப்படியானால் என்ன பிரச்சினை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தொடை கிள்ளியதையும் கொடியில் போட்டதையும் சொல்ல எனக்கு எங்கே இங்கிலீஷ் இருக்கிறது? நூல்நிலையத்துப் பின்னறையில் படித்த சின்னச் சொற்கள்தான் இருந்தன. அவற்றில் தேடி எடுத்தேன்.

"சிங்களா ஃபார் ஆபீஸ். டமில் ஃபார் பெயின்" என்றேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். சாரி என்றார். இந்த ஊரில் காலை மிதித்தவனும் சாரி, மிதிபட்டவனும் சாரி, அதனால் அந்தச் சொல்லை நான் நம்புவதே இல்லை. அன்றைக்கு நம்பினேன்.

5

தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு அம்மா நேரிலேயே வந்தார். எங்கள் நாட்டின் வடக்குப் பக்கத்தவர். வாயைத் திறந்ததுமே பேச்சில் தெரிந்துவிட்டது. இங்கே தமிழர்கள் கூடுகிற கல்யாணம், கோவில் எங்கே போனாலும், எந்த இடம் என்று கேட்டால் கொழும்புப் பக்கம் என்று சொல்லித் தப்பிக்கிறவள் நான். ஒரே ஒரு தடவை தோட்டம் என்று சொன்னேன். அதுவரை என்னிடம் பட்டுச்சேலை விலை பேசிக்கொண்டிருந்தவர், ஆள் தேவைப்படும் வீட்டு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"நீங்கள் எந்த இடம்?" என்று இந்த அம்மாவும் கேட்டார்.

இவர் படுத்திருக்கிறார், இனி என்ன ஒளிப்பு என்று தோன்றியது. "புளத்கொகுபிட்டிய. தோட்டம்ங்க" என்றேன்.

"அப்ப நான் கதைக்கிறது அவருக்குப் பிடிபடுமோ தெரியேல்லை. நீங்கள் வீட்டில எப்பிடிச் சொல்லுவீங்களோ, அதை முதல்ல எனக்குச் சொல்லித் தாங்கோ. நான் அப்பிடியே கேக்கிறன்."

நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மா அவர் பக்கம் குனிந்து கேட்டார். "கண்ண மூடுங்க." மூடினார். "தொறங்க." திறந்தார். "எடது கையத் தூக்குங்க. கதவக் காட்டுங்க." எல்லாவற்றையும் செய்தார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒழுங்காக. கடைசியில் பெயர் கேட்டார்.

"செல்வராஜ்ங்க" என்றார் இவர்.

அந்த 'ங்க'வைக் கேட்டு நான் வெட்கமில்லாமல் அழுதேன். அந்த அம்மாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நர்சிங் ஹோம் ரத்தானது. பழக்கும் இடத்தில் கட்டில் கிடைத்தது. ஆனால் இங்கிலீஷில் சோதித்தபோது ஒன்றுமே இல்லை. வரலாம், வராமலும் போகலாம், இப்போதைக்கு அவர் தமிழில்தான் இருக்கிறார், அதில் பழக்குவோம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்தப் பெரிய சொற்களை ஷாலினிதான் எனக்குச் சின்ன இங்கிலீஷில் உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள். "அப்ப, என்னிடம் எப்படிப் பேசுவார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

டாக்டரைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா தெரியவில்லை.

6

அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போது ஒரு நாள், ஷாலினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "அம்மா, சின்னச் சின்னச் சொற்களாகக் கொடுங்கள். வாக்கியத்தோடு" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அந்தப் பஸ்ஸிலேயே ஆரம்பித்தோம். வலி. அப்பா, வலிக்குதா? பசி. அப்பா, பசிக்குதா? வீடு. இது நம்ம வீடு. இங்கிலீஷ் எழுத்தில் போனில் எழுதிக்கொள்வாள். வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறாளே, அதே முகம், அதே சலிப்பில்லாத கவனம். மேல் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, உங்கள் மகள் சொந்த மொழி படிப்பது எவ்வளவு அழகு என்றாள். பதினோரு வருடம் கெஞ்சியபோது வராத தமிழ், அப்பன் விழுந்த பிறகு வருகிறது. இதில் எங்கே அழகு இருக்கிறது?

ஆனாலும் தினமும் சொல்லிக் கொடுத்தேன். அவள் "அப்பா, நான் வந்திருக்கேன்" என்று முதல் தடவை சொன்னபோது, இவர் அவளைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதன் பிறகு அவளைப் பார்த்தாலே பேச வாயெடுப்பார். உடைந்து உடைந்து வரும். அவளுக்குப் பாதி பிடிபடாது, நான் இடையில் நின்று எடுத்துக் கொடுப்பேன். "நீங்கள் பேசாமல் இருங்கள் அம்மா, நானே கேட்கிறேன்" என்று ஒரு நாள் இங்கிலீஷில் என் வாயை அடைத்தாள்.

7

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. ஷாலினி தனியாகவே போனாள். திரும்பி வந்தபோது பல மாதங்களுக்குப் பிறகு முகத்தில் களை வந்திருந்தது.

"அப்பா நிறையப் பேசினார். நிறைய! நானும் அவரும் மட்டும்" என்று இங்கிலீஷில் மளமளவென்று சொன்னாள்.

"என்ன பேசினாரு?"

"எல்லாம் புரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திருப்பித் திருப்பிக் கேட்டுச் சோர்ந்து போகக் கூடாது என்று நான் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷப்பட்டார்."

நல்ல பிள்ளை என்று தலையைத் தடவினேன். உதறவில்லை.

மறுநாள் காலை, நான் வேலைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது, பழக்கும் இடத்திலிருந்து நர்ஸ் போன் செய்தார். உங்கள் வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட மாட்டேன் என்கிறார், பயிற்சிக்கும் வரவில்லை. கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று போனை அவரிடம் கொடுத்தார்.

"என்னங்க, என்ன செய்றீங்க?" என்றேன்.

"மக... வரல இன்னும்."

"பள்ளிக்கூடம் போகணும்ங்க அவ. எதுக்கு வரணும்?"

"வீடு. கேட்டேன். கூட்டிட்டு... போறியான்னு. ஆமான்னா." மூச்சு வாங்கினார். "நாளைக்கான்னு கேட்டேன். ஆமான்னா. நாளைக்கா... நாளைக்கான்னு கேட்டேன் புள்ள. ஆமான்னுட்டா."

நான் பாதி உடுத்தியபடியே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மக பொய் சொல்லாது" என்றார்.

மத்தியானம் நான் வருகிறேன், இப்போது கஞ்சியைக் குடியுங்கள் என்றேன். மகளையும் கூட்டிக்கொண்டு வா, பை தயார் என்றார். நர்ஸ் போனை வாங்கிக்கொண்டார்.

ஷாலினி குசினி வாசலில் ரொட்டித் துண்டோடு நின்றிருந்தாள். போனிலிருந்து வந்த குரல் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"அம்மா, நாளைக்குன்னா என்ன? நேற்றும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"டுமாரோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீடு என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ரொட்டியைத் தட்டில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் ஆமா சொன்னேன்மா" என்றாள், தமிழில்.

அந்த வாக்கியத்தை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.